அம்மாவும் "நான்"தானா? மூளையின் சுய உணர்வில் பண்பாட்டின் பங்கு

ஜன்னலோரம் | திங்கள், இரவு 9:12

பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். போன வாரம் நரம்பு மண்டலம் பாடத்தை முடித்தபோது மணியடிக்க இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. உளவியலில் ஒரு பழைய பயிற்சி உண்டு. குன், மெக்பார்ட்லேண்ட் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1954-இல் வெளியிட்டது. "நான் யார்?" என்ற ஒரே கேள்விக்கு இருபது பதில் எழுத வேண்டும், அவ்வளவுதான். அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.

பிள்ளைகள் ஏழெட்டு வரி மளமளவென்று எழுதிவிட்டுப் பேனாவைக் கடிக்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "டீச்சர், எங்கம்மாவைப் பத்தி எழுதலாமா?" என்று கேட்டாள். சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை. எழுதும்மா என்றேன். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒன்பதாவது பதிலாக "எங்க அம்மா டெய்லர்", பத்தாவதாக "காலையில் நாலரைக்கே எழுந்துவிடுவார்" என்று எழுதியிருந்தாள். கேள்வி "நான் யார்".

வீட்டுக்கு வந்த பிறகும் அது மனதைவிட்டுப் போகவில்லை, ஏனென்றால் இதையே மூளைக்குள் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. பீக்கிங் பல்கலைக்கழகத்தில் ஹான் ஷிஹுயின் குழு 2007-இல் வெளியிட்டது. ஸ்கேனுக்குள் படுத்திருப்பவருக்குக் குணத்தைச் சொல்லும் சொற்கள் ஒவ்வொன்றாக வரும். இது உங்களுக்குப் பொருந்துமா, உங்கள் அம்மாவுக்குப் பொருந்துமா, ஒரு பிரபலத்துக்குப் பொருந்துமா என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். தன்னைப் பற்றி யோசிக்கும்போது எல்லோருக்குமே நெற்றிக்குப் பின்னால், இரண்டு பாதி மூளையும் ஒன்றை ஒன்று பார்த்திருக்கும் நடுப்பகுதி அதிகமாக வேலை செய்தது. மீடியல் ப்ரீஃப்ரண்டல் கார்டெக்ஸ் என்பார்கள். மேற்கத்தியர்களுக்கு அம்மாவைப் பற்றி யோசிக்கும்போது அந்த இடம் அப்படி எழவில்லை. சீனர்களுக்கு எழுந்தது.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? அந்தப் பெண்ணுக்கு "நான்" என்பதற்குள்ளேயே அம்மாவும் இருக்கிறார் என்று சொல்லிவிடலாமா, இல்லை நான்தான் அளவுக்கு மீறிப் படிக்கிறேனா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வகுப்பில் இதைச் சொல்லவேண்டும் என்று ஆசை, தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்று பயமும் இருக்கிறது.

காந்தக்குழல் | திங்கள், இரவு 10:40

டீச்சர், இந்த மாதிரி ஸ்கேனுக்குள் நான் படுத்திருக்கிறேன், ஜெர்மனியில் படித்தபோது தன்னார்வலராக. அது எப்படி இருக்கும் என்று சொன்னாலே பாதிக் கேள்வி தெளிந்துவிடும்.

தலையை அசைக்காமல் இருக்க இரண்டு பக்கமும் பஞ்சு வைத்து அடைப்பார்கள். காதில் அடைப்பான், அதற்கு மேல் ஹெட்போன். அப்படியும் இயந்திரம் டடடடவென்று அடிப்பது பல்லில் கேட்கும். கண்ணுக்கு மேலே சின்னக் கண்ணாடி, அதில் எழுத்து தெரியும். எனக்கு "பொறுமைசாலி" என்று வந்தது, ஆம் என்று அழுத்திவிட்டு, நிஜமாகவே நான் பொறுமைசாலிதானா, அக்காவிடம் கேட்டால் என்ன சொல்வாள் என்று ஓடியது. அதற்குள் அடுத்த சொல். அந்த நேரத்தில் என் மூளையைப் பார்த்தவர்கள் என்னைப் பார்த்தார்களா, அக்காவின் கண்ணில் தெரியும் என்னைப் பார்த்தார்களா? எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது விஷயம். இயந்திரம் எண்ணத்தைப் படம் பிடிப்பதில்லை. நரம்பணுக்கள் அதிகமாக வேலை செய்த இடத்துக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாக வருகிறது, அதுவும் ஐந்தாறு விநாடி தாமதமாகத்தான் உச்சத்துக்கு வரும். அந்த மாற்றத்தைத்தான் அளக்கிறார்கள். சின்னச் சின்னக் கனசதுரங்களாகப் பிரித்துப் பார்ப்பார்கள், பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர் என்று வையுங்கள். அந்த ஒரு கட்டத்துக்குள்ளேயே லட்சக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. ஆகவே அம்மாவும் நானும் ஒரே இடத்தில் தெரிகிறோம் என்றால் ஒரே தெருவில் இருக்கிறோம் என்று சொல்லலாம். ஒரே வீடா என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று, இது எப்போதுமே ஒப்பீடு. 2002-இல் கெல்லியும் கூட இருந்தவர்களும் அமெரிக்காவில் செய்தபோது இந்தச் சொல் உங்களுக்குப் பொருந்துமா, அன்றைய அதிபர் ஜார்ஜ் புஷ்ஷுக்குப் பொருந்துமா என்று கேட்டார்கள். யாரோடு ஒப்பிடுகிறோமோ அதைப் பொறுத்துப் படம் மாறும். 2010-இல் அமெரிக்கர்களை வைத்தே செய்த வேறொரு ஆய்வில், முன்பின் தெரியாதவரைவிட நண்பரைப் பற்றி யோசிக்கும்போது இதே நடுப்பகுதி கூடுதலாக வேலை செய்தது. ஆக அங்கேயும் நெருக்கம் அந்த இடத்தைத் தொடத்தான் செய்கிறது.

இடைவெளி95 | திங்கள், இரவு 11:25

13 சீனர்கள், 13 மேற்கத்தியர்கள். ஜன்னலோரம் டீச்சர், அந்த ஆய்வில் இருந்தவர்கள் அவ்வளவுதான். உங்கள் வகுப்பில் இரண்டு வரிசை. அதை வைத்துக்கொண்டு நூற்று நாற்பது கோடிப் பேரின் "நான்" பற்றிப் பேசுவது எனக்கு உறுத்துகிறது.

புள்ளியியல் வேலை பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன். 2009-இல் அமெரிக்காவில் ஒரு குழு செத்துப்போன சால்மன் மீனை ஸ்கேனுக்குள் வைத்து மனிதர்களின் படங்களைக் "காட்டியது". பல்லாயிரம் கட்டங்களை ஒரே நேரத்தில் சோதிக்கும்போது செய்யவேண்டிய திருத்தத்தைச் செய்யாமல் விட்டால் செத்த மீனின் மூளையிலும் வேலை நடப்பதாக வந்துவிடும் என்று காட்டத்தான் அதைச் செய்தார்கள். 2020-இல் ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்தார்கள். ஒரு குழு செய்தது போலவே இன்னொன்று செய்யவில்லை, சில கேள்விகளுக்கு முடிவே மாறிப்போனது. இதற்காக எல்லாமே பொய் என்று சொல்ல வரவில்லை. ஒரு படத்தை நம்பி ஒரு பண்பாட்டையே எழுதிவிடாதீர்கள் என்கிறேன்.

உங்கள் இருபது வரிப் பயிற்சியிலேயே இதைவிட நல்ல எச்சரிக்கை இருக்கிறது. 1997-இல் வெளிவந்த கென்யா ஆய்வைப் பாருங்கள். உறவு, குலம், பொறுப்பு என்று தன்னைச் சொன்ன பதில்கள் அங்குள்ள மசாய், சம்புரு பழங்குடி மக்களிடம் 80 சதவீதத்தை ஒட்டி. அமெரிக்க மாணவர்களிடம் 12. நைரோபியில் படித்த கென்ய மாணவர்களிடம் எவ்வளவு தெரியுமா? 17. அதே நாடு. கிழக்கு மேற்கு என்று கோடு போட்டால் அந்த மாணவர்களை எங்கே வைப்பது?

கடைமடை | செவ்வாய், காலை 6:05

இடைவெளி தம்பி சொன்ன கடைசி வரி சரி. நாட்டைப் பார்க்காதீர்கள், என்ன வேலை செய்து சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். நான் படித்தது பி.காம், செய்வது விவசாயம், காவிரிக் கடைமடையில். இந்த நெல் ஆராய்ச்சி எங்கள் ஆட்களுக்கே தெரிய வேண்டிய ஒன்று.

தாமஸ் டால்ஹெல்ம் என்பவர் 2014-இல் சயன்ஸ் இதழில் எழுதினார். சீனாவிலேயே யாங்சி ஆற்றுக்குத் தெற்கே நெல், வடக்கே கோதுமை. ஒரே ஹான் இனம், ஒரே அரசு. ஆறு இடங்களில் 1,162 மாணவர்களைச் சோதித்தார். அதில் ஒரு சோதனை குழந்தைத்தனமாகத் தெரியும், ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது: உங்களையும் நண்பர்களையும் வட்டம் வட்டமாக வரைந்து கோட்டால் இணையுங்கள். அப்புறம் அளவுகோலை வைத்து எந்த வட்டம் பெரிது என்று பார்ப்பார்கள். முன்பே செய்த ஆய்வில் அமெரிக்கர்கள் தங்கள் வட்டத்தை மற்றவர் வட்டத்தைவிடச் சுமார் 6 மி.மீ. பெரிதாகப் போட்டார்கள், ஐரோப்பியர்கள் 3.5 மி.மீ. ஜப்பானியர்கள் கொஞ்சம் சின்னதாகவே போட்டார்கள். சீனாவுக்குள் கோதுமைப் பக்கத்துப் பிள்ளைகள் 1.5 மி.மீ. பெரிதாகப் போட்டார்கள், நெல் பக்கத்துப் பிள்ளைகள் சமமாக.

ஏன் என்று கேட்டால் டால்ஹெல்ம் சொல்லும் காரணம் எனக்குப் புத்தகத்தில் படிக்கவேண்டியதே இல்லை. கோதுமைக்கு மழை போதும். நெல்லுக்குத் தண்ணீர் கட்டி நிற்க வேண்டும், கோதுமையைப் போல இரண்டு மடங்கு ஆள் வேலை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும், வந்த பிறகும் என் இஷ்டத்துக்கு மடை திறக்க முடியாது. மேலே இருப்பவர் வயலில் ஏறி வழிந்துதான் எனக்கு வரும். போன வருஷம் ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு மண்வெட்டியோடு வரப்பில் நின்றேன், எதிர் வரப்பில் பக்கத்து வயல்காரர், அவரும் மண்வெட்டியோடு. ஆறு மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லாதவர். "நாலு மணி வரைக்கும் எனக்கு விடுங்க, அப்புறம் நீங்க கட்டிக்குங்க" என்றார். அன்றைக்குப் பேசினோம், வேறு வழி இல்லை. இதை முப்பது நாற்பது தலைமுறை செய்தால் "நான்" என்ற வட்டத்தை எவ்வளவு பெரிதாகப் போட முடியும்?

ஆள் நெல்லைத் தேர்ந்தெடுத்தானா, நெல் ஆளை மாற்றியதா என்று கேட்பீர்கள். அதற்கும் 2024-இல் பதில் மாதிரி ஒன்று வந்தது. சீனாவின் நிங்சியாவில் இரண்டு அரசுப் பண்ணைகள், ஒன்றில் நெல், இன்னொன்றில் கோதுமை. யார் எதற்குப் போவது என்று குடும்பங்கள் முடிவு செய்யவில்லை, அரசு அனுப்பியது. அங்கேயும் நெல் பண்ணைக்காரர்கள்தான் தங்களைச் சின்னதாக வரைந்தார்கள், நண்பருக்கு அதிகம் விட்டுக்கொடுத்தார்கள். தலைமுறைக் கணக்குக்கூட வேண்டாம், சில பத்து வருடங்களே போதும் போல.

இடைவெளி95 | செவ்வாய், காலை 8:50

கடைமடை அண்ணே, நிங்சியா ஆய்வை நான் ஏற்கிறேன். அரசே ஆட்களைப் பிரித்து அனுப்பியது என்பதுதான் அதன் பலம். சால்மனை வைத்து இதை அடிக்க மாட்டேன்.

தனிவழி | செவ்வாய், பகல் 1:15

எல்லோரும் அம்மா, வாய்க்கால், நண்பர் என்று எழுதுவதைப் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. நல்லவிதமாக அடைக்கவில்லை.

எங்கள் வீட்டில் "நாம்" என்றால் அப்பா எடுத்த முடிவு. "நமக்கு அந்தப் படிப்பு வேண்டாம்", "நம்ம குடும்பத்துக்கு இது ஆகாது". ஒரு முறைகூட "உனக்கு" என்று ஆரம்பித்ததில்லை. நான் விரும்பியவரைக் கல்யாணம் செய்தபோது அப்பா பேசிய முதல் வாக்கியம், "எங்களை இப்படிப் பண்ணிட்டியே". நான் எனக்கு ஒன்று செய்துகொண்டேன், அவர்களுக்கு அது அவர்கள் உடம்பில் செய்தது போல இருந்திருக்கிறது. இப்போது இந்த மூளைப் படத்தைப் பார்த்தால் அது நடிப்பு இல்லை, நிஜமாகவே அப்படித்தான் உணர்ந்திருப்பார்கள் என்று படுகிறது. அது புரிகிறது என்பதற்காக வலி குறையவில்லை. ஒன்பது வருடமாக அந்த வாசலை மிதிக்கவில்லை.

ஒருவர் வட்டத்துக்குள் இன்னொருவர் இருப்பது பாசமாக மட்டும் இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதிகாரமாகவும் இருக்கலாம். சாதி பார்த்துப் பிள்ளையைக் கொல்லும் ஊரில் உட்கார்ந்து பேசுகிறோம். டீச்சர், வகுப்பில் சொல்லும்போது தயவுசெய்து இதையும் சொல்லுங்கள். அங்கே என்னைப் போன்ற ஒரு பெண் நிச்சயம் இருப்பாள்.

ஜன்னலோரம் | செவ்வாய், மாலை 5:30

தனிவழி, கண்டிப்பாகச் சொல்கிறேன். நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

இந்தத் துறைக்கே அடிப்படையான 1991 கட்டுரையை எழுதிய ஹேசல் மார்கஸும் ஷினோபு கிட்டயாமாவும் சார்ந்திருக்கும் சுயம் என்றால் அன்பான சுயம் என்று சொல்லவில்லை. உறவுகள் கேட்பதைக் கவனித்து அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் சுயம் என்றுதான் சொன்னார்கள். யார் யாருக்காக மாற்றிக்கொள்கிறார் என்ற கேள்வி அதற்குள்ளேயே கிடக்கிறது, நாம்தான் கேட்பதில்லை. எங்கள் வகுப்பில் "நான் வீட்டுக்குப் பாரமாக இருக்கக் கூடாது" என்று எழுதியவர்கள் எல்லோருமே பெண் பிள்ளைகள்.

பனிக்காலம் | செவ்வாய், இரவு 11:58

டொராண்டோவிலிருந்து. என் மகளுக்கு நாலு வயது. அவளுடைய டேகேரில் ஒரு தாள் கொடுத்தார்கள், "என்னைப் பற்றி எல்லாம்" என்று மேலே போட்டு, எனக்குப் பிடித்த நிறம், எனக்குப் பிடித்த சாப்பாடு, நான் பெருமைப்படுவது. பிடித்த நிறத்துக்கு ஊதா என்றாள். சாப்பாட்டுக்கு இட்லி. பெருமைப்படுவது என்ற இடத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கும் எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை, ஏனென்றால் எங்கள் அம்மா என்னிடம் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதே இல்லை.

"நான்" எங்கே செய்யப்படுகிறது என்று பார்க்க ஸ்கேனைவிட இந்த மாதிரி இடங்கள்தான் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் வாங் சீ என்பவர் இதையே பல வருடம் பார்த்திருக்கிறார். அமெரிக்கர்களுக்கு முதல் ஞாபகம் சராசரியாக மூன்றரை வயதில், சீனர்களுக்கு அதைவிட ஆறு மாதம் பிந்தி. அமெரிக்க அம்மாக்கள் நடந்ததைக் குழந்தையிடம் கிளறிக் கிளறிக் கேட்கிறார்கள், அப்போ உனக்கு எப்படி இருந்தது, நீ என்ன பண்ணினாய் என்று. சீன அம்மாக்கள் நடந்ததை எடுத்து, அடுத்த தடவை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முடிப்பது அதிகம். நான் இரண்டாவது வகை என்று எனக்கே தெரிந்தது. பூங்காவில் அவள் விழுந்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்து "இனிமே ஓடக் கூடாது" என்றுதான் முடித்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும்.

ஆனால் இதை மேற்கு, கிழக்கு என்று பிரித்தால் நியூசிலாந்தில் இடிக்கும். 2000-இல் அங்கே செய்த ஆய்வில் எல்லோரையும்விடச் சின்ன வயது ஞாபகம் அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்குத்தான், மூன்று வயதுக்கும் கீழே. குடும்பமும் குலமும்தான் உயிர் என்று வாழ்கிறவர்கள் அவர்கள். ஆனால் முன்னோர் கதை, பிறந்த கதை, ஊர்க் கதை என்று பழையதைச் சொல்லிக்கொண்டே இருப்பவர்கள். அப்படியானால் தனி ஆளா, கூட்டமா என்பது மட்டும் கேள்வி இல்லை. குழந்தையிடம் என்ன கதை, எப்படிச் சொல்கிறோம் என்பதும் அதில் சேருகிறது.

சொல்வெட்டி | புதன், காலை 7:20

மொழிப் பக்கத்திலிருந்து ஒன்று. டீச்சர் எழுதியதைத் திரும்பப் பாருங்கள். அந்தப் பெண் "என் அம்மா" என்று கேட்கவில்லை, "எங்கம்மா" என்றாள். தமிழில் கூடப்பிறந்தவர் யாருமே இல்லாத ஒற்றைப் பிள்ளையும் எங்கம்மா, எங்கப்பா, எங்க வீடு என்றுதான் சொல்லும். "என் வீடு" என்று ஒருவர் சொன்னால் ஏதோ சண்டை நடக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் நாம், நாங்கள் என்று இரண்டு இருக்கிறது. எதிரில் நிற்பவரைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று வாயைத் திறக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

இதை வைத்துக்கொண்டு தமிழன் மூளையே வேறு என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். கஷிமா தம்பதியர் 1998-இல், "நான்" என்ற சொல்லை விட்டுவிட்டும் பேசக்கூடிய மொழிகள் இருக்கும் நாடுகளில் தனிமனிதப் போக்கு குறைவு என்று காட்டினார்கள். தமிழும் அந்த வகைதான், "வந்தேன்" என்றாலே போதும். ஆனால் அந்த "ஏன்" விகுதியில் நான் உட்கார்ந்திருக்கிறேனே! சொல் மறைந்தால் ஆள் மறைந்துவிட்டார் என்று சொல்ல முடியாது.

காந்தக்குழல் | புதன், இரவு 9:45

சொல்வெட்டி, நீங்கள் சொன்ன இடத்தில்தான் மூளை ஆய்வும் எனக்கு நம்பும்படியாகிறது. சுய் ஜியேவும் ஹானும் 2007-இல் இன்னொன்று செய்தார்கள். ஸ்கேனுக்கு முன்னால் ஒரு கட்டுரையைக் கொடுத்து அதில் வரும் "நான்" எல்லாவற்றையும் குறிக்கச் சொன்னார்கள், இன்னொரு தடவை "நாங்கள்" எல்லாவற்றையும். சில நிமிட வேலை. அதற்குப் பிறகு சொந்த முகத்தைப் பார்க்கும்போது மூளையின் வலது முன்பகுதியில் வந்த எதிர்வினை அதற்கேற்ப மாறியது. 2010-இல் ஹாங்காங்கில் இரண்டு பண்பாட்டிலும் வளர்ந்தவர்களை வைத்துச் செய்தார்கள். மேற்கத்தியப் படங்களைக் காட்டிய பிறகு தனக்கும் மற்றவருக்கும் இடையே மூளையில் தெரிந்த வித்தியாசம் கூடியது, சீனப் படங்களுக்குப் பிறகு குறைந்தது. ஒரே ஆட்கள்!

இவையும் சின்ன ஆய்வுகள்தான், இடைவெளி கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் இவை காட்டும் திசை கடைமடை அண்ணன் சொன்னதோடும் பனிக்காலம் சொன்னதோடும் சேருகிறது. அந்த 13 சீனர்களிடம் பார்த்தது பிறவியில் வந்த சீன மூளை இல்லை. தினம் தினம் செய்து பழகியதன் தடம். தனிவழி, உங்கள் அப்பாவின் மூளையும் இப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன், அவரை எனக்குத் தெரியாது. பழகியது என்றால் மாற்ற வழியே இல்லாதது என்று ஆகாது, அவ்வளவு மட்டும் தெரியும்.

தனிவழி | புதன், இரவு 10:10

படித்தேன். நன்றி.

இடைவெளி95 | வியாழன், காலை 9:00

டீச்சர், மறுபடி அந்தப் பயிற்சியைச் செய்தால் பாதிப் பேருக்குத் தமிழிலும் பாதிப் பேருக்கு ஆங்கிலத்திலும் கொடுங்கள். சீனாவில் பிறந்து கனடாவில் படித்த மாணவர்களை வைத்து 2002-இல் இப்படிச் செய்திருக்கிறார்கள். சீன மொழியில் எழுதியவர்கள் தங்களைக் குழுவோடு சேர்த்து அதிகம் சொன்னார்கள். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் தங்களைப் பற்றி நல்லதாக அதிகம் சொன்னார்கள், சீன மொழியில் நல்லதும் கெட்டதும் ஏறத்தாழச் சமமாக வந்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரியுங்கள், அது முக்கியம். நன்றாகப் படிக்கிறவர்களுக்கு ஆங்கிலம் என்று கொடுத்துவிட்டால் எல்லாம் கெட்டுவிடும்.

ஜன்னலோரம் | அடுத்த வாரம் வெள்ளி, இரவு 8:20

செய்துவிட்டோம். முதலில் இந்த இழையில் வந்ததை எல்லாம் சொன்னேன். 13 பேர் என்பதையும், செத்த மீனையும், நிங்சியாவையும். தனிவழி கேட்டுக்கொண்டதையும் சொன்னேன், பேர் ஊர் இல்லாமல். அந்த நேரத்தில் வகுப்பு சத்தமே இல்லாமல் இருந்தது.

எல்லோரும் ஏற்கெனவே தமிழில் எழுதியவர்கள், நான் என்ன தேடுகிறேன் என்றும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் சீட்டுக் குலுக்கித்தான் பிரித்தேன். அம்மாவைப் பற்றி எழுதிய பெண்ணுக்கு ஆங்கிலச் சீட்டு வந்தது. இந்தத் தடவை அம்மா நாலாவது வரியில். ஆனால் முதல் வரி "ஐ ஆம் எ குட் சிங்கர்". தமிழ்த் தாளை எடுத்துப் பார்த்தேன், இருபது இடத்தில் எங்கேயுமே பாட்டு இல்லை. இரண்டு வருடமாக அவளுக்குப் பாடம் எடுக்கிறேன், பாடுவாள் என்று எனக்குத் தெரியாது. ஏம்மா அன்றைக்கு எழுதவில்லை என்று கேட்டேன்.

"தமிழ்ல எழுதினா பெருமையடிச்ச மாதிரி இருக்கும் டீச்சர்" என்றாள்.

திங்கட்கிழமை காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்தை அவள்தான் பாடப் போகிறாள். அம்மாவுக்குச் சொல்லிவிட்டாயா என்று கேட்டதற்கு, அவங்க கடையைப் பத்து மணிக்குத் திறந்துக்கிறேன்னு சொல்லிட்டாங்க, வராங்க என்றாள்.